இன்டர்சேஞ்சில் நிற்கும் குளோரின் டேங்கர்: மாடல் ரயிலுக்கு எவ்வளவு விதி போதும்?

சில மாதங்களுக்கு முன் எங்கள் மாடல் ரயில் செஷனில் (நண்பர்கள் கூடி, நிஜ ரயில் மாதிரி வேலை பிரித்து ஓட்டுவது) நடந்தது இது. இன்டர்சேஞ்ச் லைனில், அதாவது இரண்டு ரயில் கம்பெனிகள் வேகன்களைக் கைமாற்றும் லைனில், எட்டு வேகன்கள் நின்றிருந்தன. லோக்கல் சரக்கு வண்டியை ஓட்டிய நண்பர் எஞ்சினைப் பின்னுக்குக் கொண்டுவந்து மாட்டினார், மறுமுனையில் கபூஸை, அதாவது ஊழியர்கள் உட்காரும் கடைசிப் பெட்டியை, சேர்த்தார், காற்று பிரேக் சோதிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், கிளம்பிவிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எஞ்சினுக்கு அடுத்ததாக மாட்டியிருந்தது குளோரின் நிரம்பிய 90 டன் டேங்கர்.

"ஏங்க, குளோரினை முதுகிலே கட்டிக்கிட்டுப் போறீங்களே" என்றேன்.

"பிளாஸ்டிக்தானேங்க" என்றார்.

நியாயமான பதில்தான். ஆனால் அதே ஆள் அரை மணி நேரம் முன்பு, வேபில்லில் (எந்த வேகன் எங்கே போக வேண்டும் என்ற சீட்டு) எழுதாத ஒரு பாக்ஸ் வேகனை யாரோ காகித ஆலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று சண்டை போட்டவர். அதுவும் பிளாஸ்டிக்தான். அப்போது புரிந்தது, எங்கள் லேஅவுட்டில் (மாடல் ரயில்பாதை அமைப்பு) அபாயச் சரக்குக்கு என்ன விதி என்று நான் யாருக்கும் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு நான்கைந்து வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு பத்தி. வட அமெரிக்காவில் ரயில்பாதை ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இல்லை. நூற்றுக்கணக்கான தனி ரயில் கம்பெனிகள். டெக்சாஸில் ஏற்றிய சரக்கு ஒஹாயோவில் ஒரு சின்ன கம்பெனியின் பாதையில் இறங்க வேண்டுமென்றால், வழியில் எங்காவது ஒரு கம்பெனி வேகனை இன்னொன்றிடம் ஒப்படைத்தாக வேண்டும். அந்த இடம்தான் இன்டர்சேஞ்ச். செயின்ட் லூயிஸ், சிகாகோ மாதிரி ஊர்களில் இதற்கென்றே தனி ரயில் கம்பெனிகள் உண்டு. சின்ன ஊரில் இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வளைந்து போகும் ஒற்றை லைன், அவ்வளவுதான். நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஒற்றை லைன் ஒரு வரம், ஏனென்றால் எந்தத் தொழிற்சாலையும் கட்டாமலே எந்த வகை வேகனையும் லேஅவுட்டுக்குள் கொண்டுவர இது ஒன்று போதும்.

என்னுடையது ஹெச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு), கற்பனையான ஒரு குட்டி ரயில்பாதை, ஒரு பெரிய கம்பெனியோடு ஒரே இடத்தில் சேர்கிறது. வாடிக்கையாளர்களில் ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் (குளோரின்), ஒரு புரொப்பேன் வியாபாரி, வசந்த காலத்தில் மட்டும் உயிர்பெறும் ஓர் உரக் கிடங்கு (நீரற்ற அம்மோனியா), ஒரு காகித ஆலை (காஸ்டிக் சோடா). சைடிங் (பக்க லைன்) நீளம் காரணமாக எந்த வண்டியிலும் எட்டு வேகனுக்கு மேல் கட்ட முடியாது. வண்டிகளை மாற்றி வைத்து சில செஷன் 1978-ஆம் ஆண்டாகவும் சில செஷன் 2012 ஆகவும் ஓட்டுவோம். இந்த எட்டு என்ற எண்ணையும் இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வையுங்கள், முடிவு இவற்றால்தான் மாறுகிறது.

முதல் வழி, எதையும் செய்யாமல் விடுவது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. புதிதாக வந்தவர் முதல் இரண்டு செஷனில் த்ராட்டிலைப் பிடிக்கவும் வேபில் படிக்கவும் கற்றாலே பெரிது. அவரிடம் போய் இது பிரிவு 2.3, அது வகுப்பு 8 என்று ஆரம்பித்தால் அடுத்த மாதம் வரமாட்டார். ஆனால் இப்படியே விட்டால் ஒரு நஷ்டம் உண்டு. சோளப் பாகு கொண்டுவரும் டேங்கரும் குளோரின் டேங்கரும் செஷனில் ஒரே பொருளாகிவிடுகின்றன. நிஜத்தில் இரண்டையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லலாம். அழுத்த வாயு டேங்கருக்கு அடியில் திறப்புக் குழாய் இருக்காது, வால்வுகள் எல்லாம் உச்சியில் ஒரே மூடிக்குள் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் காட்டும் மாடலைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, ஓட்டும்போது கண்டுகொள்ளாமல் விடுவது எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது வழி, வண்டியில் எந்த இடத்தில் வைப்பது என்ற விதியை மட்டும் கொண்டுவருவது. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க விதித்தொகுப்பின் 49-ஆம் தலைப்பில் 174.85 என்ற பிரிவு இதைச் சொல்கிறது. எச்சரிக்கை அட்டை ஒட்டிய, சரக்கு நிரம்பிய டேங்கர், எஞ்சினிலிருந்து எண்ணினால் ஆறாவது இடத்துக்கு முன்னால் வரக்கூடாது. ஆள் உட்கார்ந்திருக்கும் கபூஸிலிருந்து எண்ணினாலும் அப்படியே. நடுவில் ஐந்து சாதாரண வேகன்கள் வேண்டும் என்று அர்த்தம். காரணம் எளிது, விபத்து நேர்ந்தால் டேங்கருக்கும் மனிதருக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இதைப் படித்ததும் பலர் "என் வண்டியே எட்டு வேகன்தான், இது எனக்கு ஒத்துவராது" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், கபூஸ் உள்ள 1978 வண்டியில் முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து, நடுவில் டேங்கர், ஆக மொத்தம் 11 வேகன் இருந்தால்தான் ஒரே ஒரு டேங்கரை முறைப்படி வைக்க முடியும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் 11 வேகன் லோக்கல் ஓடுகிறது?

ஆனால் விதியின் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். வண்டியின் நீளம் இடம் கொடுக்காவிட்டால் டேங்கரை நடுப்பகுதியை ஒட்டி வை, ஆனால் எஞ்சினிலிருந்தோ கபூஸிலிருந்தோ இரண்டாவது இடத்துக்கும் நெருக்கமாக வைக்காதே என்கிறது. நம்முடைய குட்டி வண்டிக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. எட்டு வேகனில் நான்காவது அல்லது ஐந்தாவது. நான்கு வேகனில் இரண்டாவது அல்லது மூன்றாவது. மூன்று வேகன் இருந்தாலும் நடுவில் வைத்துவிடலாம். 2012-இல் கபூஸ் கிடையாது, அதனால் பின்பக்கக் கவலை போய்விடுகிறது. ஆறு வேகன் கட்டினால் போதும், கடைசியில் டேங்கர், முன்னால் ஐந்து, முழு விதியும் நிறைவேறிவிடும். ஒரே லேஅவுட், ஒரே டேங்கர், ஆண்டு மாறினால் ஷண்டிங் மாறுகிறது.

இதில் இன்னொரு நுணுக்கம், இன்டர்சேஞ்சுக்கு உயிர்கொடுப்பதே இதுதான். இந்த விதியைப் பொறுத்தவரை "வண்டி" என்றால் பயணம் கிளம்பிய வண்டிதான், யார்டுக்குள் வேகன்களைப் பிரித்துக் கோக்கும்போது இது பொருந்தாது. ஆகவே பெரிய கம்பெனி வேகன்களை எந்த வரிசையில் விட்டுவிட்டுப் போனாலும், அதை ஒழுங்குபடுத்திக் கிளம்ப வேண்டியது வாங்கிக்கொள்பவரின் பாடு. எங்கள் நண்பரின் எட்டு வேகனையே எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின் முதலில் நிற்கிறது. அதை மட்டும் இழுத்துப் பக்கத்து லைனில் விட வேண்டும். திரும்பி வந்து நான்கு வேகனை எடுத்துப் போய்க் குளோரினைப் பின்னால் மாட்ட வேண்டும். மறுபடி முதல் லைனுக்கு வந்து மிச்சம் மூன்றையும் சேர்க்க வேண்டும். குளோரின் ஐந்தாவதாக வந்துவிடும். மூன்று நிமிட வேலை பத்து நிமிட வேலையாகிறது, அதுவும் சும்மா நேரத்தைக் கடத்தும் பத்து நிமிடம் கிடையாது, யோசித்துச் செய்ய வேண்டியது. பக்கத்தில் இரண்டாவது லைன் இல்லாத இன்டர்சேஞ்ச் என்றால் மெயின் லைனைக் கொஞ்ச நேரம் கடன் வாங்க வேண்டும், அதற்கு டிஸ்பாட்சரிடம் (வண்டிகளின் போக்கைக் கட்டுப்படுத்துபவர்) அனுமதி கேட்க வேண்டும். ஒரு சின்ன விதி இத்தனையையும் இழுத்துவருகிறது.

எல்லா வேகனும் இடைவெளி வேகனாக உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பம், குழாய் போன்ற சரக்கு முனையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற, அல்லது முனைச் சுவருக்கு மேலே அடுக்கி நகரக்கூடிய நிலையில் இருக்கிற திறந்த வேகனை டேங்கருக்குப் பக்கத்தில் மாட்டக்கூடாது. ஒரு குழாய் நகர்ந்து டேங்கரின் தலையில் குத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கம், பலர் ஆச்சரியப்படும் ஒன்று உண்டு. குளோரினையும் புரொப்பேனையும் அம்மோனியாவையும் ஒன்றோடொன்று ஒட்டி வைக்கலாம், இந்த விதியின் அட்டவணையில் மூன்றும் ஒரே குழு. ஆனால் வெடிமருந்தும் கதிரியக்கச் சரக்கும் வேறு வேறு குழுக்கள். வேறு குழு வேகன்கள் பக்கத்துப் பக்கத்தில் வரக்கூடாது.

அப்புறம் காலி டேங்கர். கார் கார்டும் (வேகனுக்கு ஒன்றாக வைக்கும் அட்டை) நான்கு பக்க வேபில்லும் வைத்து ஓட்டுகிற எல்லோரும் செய்யும் தவறு இங்கேதான் இருக்கிறது. முதல் பக்கம் "குளோரின், நிரம்பியது". அடுத்த பக்கம் திருப்பினால் "காலி, திருப்பி அனுப்பு". உடனே நாம் அதைச் சாதாரண வேகனாக நினைத்துவிடுகிறோம். நிஜத்தில் கழுவிச் சுத்தம் செய்யாதவரை அது காலியே கிடையாது, உள்ளே மிச்ச வாயு இருக்கும், எச்சரிக்கை அட்டை அப்படியே ஒட்டியிருக்கும். 1978 வாக்கில் இதற்கென "எம்ப்டி" என்று எழுதிய தனி அட்டை, பின்னால் "ரெசிட்யூ" என்ற சொல், இப்போதெல்லாம் நிரம்பிய வேகனுக்குள்ள அதே அட்டைதான். நிரம்பியதற்கு இருக்கும் கெடுபிடி இதற்கு இல்லை, ஆனாலும் எஞ்சினுக்கும் கபூஸுக்கும் நேரே பக்கத்தில் மாட்டக்கூடாது, நடுவில் ஒரு வேகனாவது வேண்டும். ஆக, வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி இன்டர்சேஞ்சுக்குப் போகும் வண்டியிலும் வேலை இருக்கிறது. வேபில்லின் இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். செலவு, ஒரு பேனா.

வழி இரண்டுக்கு மொத்தச் செலவே அவ்வளவுதான். அபாயச் சரக்கு வேகனின் கார் கார்டில் மேல் ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை, நிரம்பியிருந்தால் முழுப் பட்டை, மிச்சம் என்றால் அரைப் பட்டை. சுவரில் நான்கு வரியில் விதி. யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டாம்.

இதோடு சேர்த்தே செய்ய வேண்டிய ஒன்று, மெதுவாக மாட்டுவது. இதைத் தனி வழியாக எண்ணுவதா வேண்டாமா என்று எனக்கே தெளிவில்லை, ஆனால் விட மனசில்லை. மாடல் ரயில்காரர்கள் வேகனை மாட்டும் வேகத்தைப் பார்த்தால் நிஜ ரயில்காரர் கண்ணை மூடிக்கொள்வார். மணிக்கு 4 மைலுக்கு மேல் போகாதே என்பது ரயில்வே விதிப்புத்தகங்களில் வழக்கமான வரி. ஹெச்.ஓ. அளவில் அது வினாடிக்கு இரண்டு சென்டிமீட்டர். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஐம்பதடி வேகனின் நீளத்தைக் கடக்க எட்டு வினாடிக்கு மேல் ஆகும். முதல் தடவை பார்த்தபோது எஞ்சின் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

இதன் பின்னால் சாவுகள் இருக்கின்றன. 1972 ஜனவரியில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில், ஆல்டன் அண்ட் சதர்ன் கம்பெனியின் யார்டில், மேட்டிலிருந்து உருண்டு வந்த புரொப்பிலீன் டேங்கர் முன்னால் நின்ற வேகனில் வேகமாக மோதியது, அந்த வேகனின் கப்ளர் (வேகன்களை மாட்டும் கொக்கி) டேங்கரின் தலையைக் குத்திக் கிழித்தது, 200 பேருக்கு மேல் காயம். வேகன்களைக் கைமாற்றுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனி அது, அதாவது ஒரு மாபெரும் இன்டர்சேஞ்ச். 1974 ஜூலையில் இல்லினாயில் டெகேட்டர் யார்டில் ஐசோபியூட்டேன் டேங்கரில் இதே கதை, ஏழு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஹூஸ்டனில் பியூட்டடையீன். மூன்றுமே யார்டுக்குள், வேகன் மாட்டும்போது நடந்தவை. இவற்றுக்குப் பிறகுதான் டேங்கரின் தலைக்குக் கவசத் தகடும், மேலும் கீழும் தட்டு வைத்து மற்ற கப்ளர் ஏறிக் குத்தாமல் தடுக்கும் ஷெல்ஃப் கப்ளரும் கட்டாயமாயின. கேடீ நிறுவனம் மாடலுக்கும் ஷெல்ஃப் கப்ளர் விற்கிறது. 2012 செஷன் டேங்கர்களுக்கு மாற்றிவிட்டேன், பார்க்க அழகாக இருக்கிறது.

வேகனைக் கழற்றி ஓடவிட்டுத் தள்ளுவது, நம்மூர் ரயில்வேக்காரர்கள் லூஸ் ஷண்டிங் என்பார்களே, அதைப் பற்றியும் விதி உண்டு. அதிபயங்கர வெடிமருந்து, முகர்ந்தாலே கொல்லும் பொருள்களில் "ஏ" மண்டலம் எனப்படும் மிகக் கடுமையான நச்சு வகையைச் சேர்ந்தவை, இப்படிச் சில வகைகளை ஓடும்போது கழற்றிவிடக் கூடாது, வேறு வேகனை அவற்றின் மேல் ஓடவிடவும் கூடாது. எழுத்துப்படி பார்த்தால் குளோரின் "பி" மண்டலம், இந்தத் தடைக்குள் வராது. ஆனால் என் லேஅவுட்டில் முழு ஆரஞ்சுப் பட்டை உள்ள எதையும் எஞ்சினைப் பிடித்தபடிதான் நகர்த்த வேண்டும் என்று வைத்துவிட்டேன். மண்டலம் பார்த்து நினைவில் வைக்க யாராலும் ஆகாது.

மூன்றாவது வழி, காகிதம். முழுக் காகிதம். எல்லோருக்கும் முதலில் ஆசை வருவது இதன் மேல்தான், எனக்கும் வந்தது. நிஜத்தில் வண்டியை ஓட்டுபவர் கையில், அபாயச் சரக்கு வேகன் ஒவ்வொன்றும் வண்டியில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் இருந்தாக வேண்டும், வழியில் ஒன்றைக் கழற்றினாலும் சேர்த்தாலும் அதைத் திருத்த வேண்டும். வேபில்லில் சரக்கின் முறையான பெயர், வகுப்பு, யு.என். எண் (சரக்கை அடையாளம் காட்டும் சர்வதேச எண்), அவசர உதவிக்கான தகவல் எல்லாம் வர வேண்டும். குளோரின் 1017, புரொப்பேன் போன்ற சமையல் வாயு வகை 1075, அம்மோனியா 1005, காஸ்டிக் சோடாக் கரைசல் 1824. இன்டர்சேஞ்சில் வேகனை ஏற்கும்போது தரையில் நடந்தபடியே சுற்றிப் பார்க்க வேண்டும், அட்டைகள் சரியா, மூடிகள் இறுகியிருக்கின்றனவா, எங்காவது கசிகிறதா என்று.

இதெல்லாம் அற்புதமான விஷயங்கள். அச்சிட்டுக் கொடுத்தேன். முதல் மணி நேரத்தில் ஒரு சக்கரம்கூட உருளவில்லை. ஐந்து பேர் குனிந்து காகிதம் படித்துக்கொண்டிருந்தார்கள், வருமான வரி அலுவலகம் மாதிரி இருந்தது. அட்டையோ நிஜத்தில் ஏறத்தாழ பத்து அங்குலச் சாய்சதுரம், நம் அளவில் மூன்று மில்லிமீட்டர். டார்ச் அடித்தும் ஐம்பது வயதுக் கண்ணுக்கு எண் தெரியவில்லை. 1978 செஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை, அட்டையில் எண் வந்ததே 1980-களின் தொடக்கத்தில்தான், அதுவரை வெறும் சொல்.

ஆனாலும் காகிதத்தை முழுசாகத் தூக்கி எறியவில்லை. கனடாவின் லாக்-மெகாண்டிக்கில் 2013 ஜூலை 6 அன்று 47 பேரைக் கொன்ற அந்த எண்ணெய் வண்டி, வடக்கு டகோட்டாவிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் பாதையில் வந்து மான்ட்ரியலில் ஒரு சின்ன கம்பெனியிடம் கைமாறியது. 72 டேங்கர்கள், எஞ்சின் பக்கம் இடைவெளிக்காக ஒரு பாக்ஸ் வேகன், வேகன் வரிசை முறைப்படிதான். ஆனால் காகிதத்தில் அந்தக் கச்சா எண்ணெயை உண்மையில் இருந்ததைவிடக் குறைந்த அபாயமுள்ள பிரிவில் போட்டிருந்தார்கள். இன்டர்சேஞ்சில் வாங்குபவர் கண்ணால் பார்ப்பது அட்டையையும் காகிதத்தையும்தான், உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அதனால் நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு சோதனை. செஷனுக்கு முன் பகடை உருட்டுவேன். ஆறு விழுந்தால் ஏதாவது ஒரு டேங்கரின் வேபில்லில் தப்பான சரக்குப் பெயரை வைத்துவிடுவேன், கார் கார்டில் ஒட்டிய அட்டைப் படத்தோடு ஒத்துப்போகாதபடி. லோக்கல்காரர் கண்டுபிடித்தால் அந்த வேகனை இன்டர்சேஞ்சிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், அதற்குக் குறிப்பு எழுத வேண்டும். கண்டுபிடிக்காமல் எடுத்துப்போனால் செஷன் முடிந்து டீ குடிக்கும்போது மானம் போகும். ஆறு முறைக்கு ஒரு முறை வருவதால் சலிக்கவில்லை.

கணினி வைத்து ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி. ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருளில் வேகனுக்கு அபாயச் சரக்கு என்று டிக் அடிக்க இடம் இருக்கிறது, பட்டியலில் அச்சாகி வரும், ஆரஞ்சுப் பட்டையின் வேலையை அது செய்துவிடும்.

நான்காவது வழி, கையிலிருந்து கைக்கு. இது 2008-க்குப் பிந்தைய லேஅவுட்டுக்கு மட்டும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்ட விதிப்படி, குளோரின், அம்மோனியா போன்ற முகர்ந்தால் ஆபத்தான சரக்கு நிரம்பிய டேங்கரை, அச்சுறுத்தல் அதிகமுள்ளதாகப் பட்டியலிட்ட நகர்ப்பகுதிக்குள் கைமாற்றும்போது, அல்லது அது பின்னால் அந்தப் பகுதிக்குள் போகக்கூடும் என்றால், இன்டர்சேஞ்சில் விட்டுவிட்டு நடையைக் கட்ட முடியாது. வாங்குபவரின் ஆள் நேரில் இருக்க வேண்டும், யார் யாரிடம் எப்போது கொடுத்தார் என்று பதிவாக வேண்டும். மிச்சம் மட்டும் உள்ள டேங்கருக்கு இது இல்லை.

செஷனில் இதைச் செய்தால் இன்டர்சேஞ்சின் குணமே மாறிப்போகிறது. வழக்கமாக அது தபால்பெட்டி மாதிரி, ஒருவர் போட்டுவிட்டுப் போவார், இன்னொருவர் எப்போதோ வந்து எடுப்பார், இருவரும் முகம் பார்க்க மாட்டார்கள். இப்போது இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும், டிஸ்பாட்சர் இருவரையும் பொருத்த வேண்டும், லோக்கல் தாமதமானால் பெரிய கம்பெனி வண்டி தவிக்கும். நாடகம் நிறைய. ஆனால் ஆள் கணக்கு இடிக்கிறது. எங்களுக்கு வருபவர் ஐந்து பேர், சில நாள் நான்கு. பெரிய கம்பெனி வண்டிக்கென ஓர் ஆளை ஒதுக்கி, அவர் இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அடுத்த செஷனுக்கு அவருக்கு வேறு வேலை வந்துவிடும். ஒரு செஷனுக்கு ஒரே ஒரு குளோரின் டேங்கர், அதுவும் முன்னரே நேரம் குறித்து, என்ற அளவில் வைத்தபோது சுகமாக இருந்தது.

இன்டர்சேஞ்ச் லைன் சுவரில் ஓட்டை வழியாக மறைவு லைனுக்குள் போய், செஷன்களுக்கு நடுவே நீங்களே கையால் வேகன் மாற்றி வைக்கிற அமைப்பு என்றால், இந்த நான்காவது வழியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சுவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. அதற்குப் பதிலாக வேகன்களை வைக்கும்போது வரிசையைக் கலைத்து வையுங்கள். நாமே நல்ல பிள்ளையாகக் குளோரினை நடுவில் வைத்துவிட்டால் லோக்கல்காரருக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

48 மணி நேர விதி ஒன்று இருக்கிறது. அபாயச் சரக்கு இன்டர்சேஞ்சுக்கு வந்தால் சனி, ஞாயிறு, விடுமுறை நீங்கலாக 48 மணிக்குள் அடுத்த இடத்துக்குக் கிளப்ப வேண்டும், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் வண்டி ஓடும் பாதை என்றால் கிடைக்கும் முதல் வண்டியிலேயே. ஃபாஸ்ட் கிளாக் (செஷனுக்கென வேகமாக ஓடவிடும் கடிகாரம்) நான்கு மடங்கு ஓடினாலும் 48 மணி என்பது நமக்கு 12 மணி நேரம், எந்தச் செஷனும் அவ்வளவு நீளாது. நான் செஷனையே நாளாக எண்ணுகிறேன். ஆரஞ்சுப் பட்டை வேகன் இன்டர்சேஞ்சில் இரண்டு செஷனுக்கு மேல் தூங்கக்கூடாது. வண்டி நிரம்பிவிட்டது, எட்டில் ஒன்றை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்ற நிலையில், எதை விடுவது என்று இது முடிவு செய்துவிடுகிறது. சின்ன விதி, ஆனால் லோக்கல்காரரை யோசிக்க வைக்கிறது.

சரி, யாருக்கு எது? எனக்கு ஒரே அளவுகோல்தான். ஒரு விதியைக் கொண்டுவந்தால் எஞ்சின் வேறு மாதிரி நகர வேண்டும். காகிதம் மட்டும் நகர்ந்தால் அந்த விதி எனக்கு வேண்டாம். இடம் பற்றிய விதி, மிச்ச டேங்கர், மெதுவாக மாட்டுவது, இரண்டு செஷன் கெடு, இந்த நான்கும் எந்த ஆண்டு லேஅவுட்டானாலும் தேறுகின்றன. பகடைச் சோதனை ஆள் பழகிய பிறகு. கைமாற்றம், நவீன காலமும் இரண்டு பக்கமும் ஆளும் இருந்தால். தனியாக ஓட்டுபவர் என்றால் இடவிதியும் மிச்ச டேங்கரும் போதும், தன்னிடமே கையெழுத்து வாங்கிக்கொள்வது கொஞ்சம் ஓவர். வண்டியில் பதினைந்து இருபது வேகன் கட்ட முடிகிற பெரிய கிளப் லேஅவுட்டில் ஆறாவது இடம் என்ற முழு விதியையே வைத்துவிடலாம், அங்கே நடுப்பகுதிச் சலுகை எல்லாம் வேண்டாம். இன்னும் வண்டியே சரியாகத் தடம் புரளாமல் ஓடாத புது லேஅவுட் என்றால், முதல் வழிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன செஷனில் 1978. அதே நண்பர்தான் லோக்கல். இன்டர்சேஞ்சில் குளோரின் முதலாவது, பக்கத்தில் குழாய் ஏற்றிய கொண்டோலா, அதாவது திறந்த வேகன். கார்டுகளைக் கையில் விரித்துக்கொண்டு சீட்டாட்டக்காரர் மாதிரி நின்று யோசித்தார். குளோரினைப் பக்கத்து லைனில் வைத்தார், குழாய் வேகனை எங்கே தள்ளுவது என்று தலையைச் சொறிந்தார், கடைசியில் கபூஸுக்குப் பக்கத்தில் அதை ஒதுக்கினார், வினாடிக்கு இரண்டு சென்டிமீட்டரில் ஒவ்வொன்றாக மாட்டினார். பதினான்கு நிமிடம். அதுவரை சிக்னலில் நின்று காத்திருந்த பெரிய கம்பெனி வண்டியை ஓட்டியது நான்.